லைப்ரரி மிஸ் குத்திய முத்திரை

அந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியர் வராவிட்டால் அவருடைய வகுப்பை லைப்ரரிக்கு அனுப்பிவிடுவார்கள். சண்டை போட்டவர்கள், வீட்டுப்பாடம் எழுதாதவர்கள், கட்டணம் கட்டாததால் வெளியே நிற்கவைக்கப்பட்டவர்கள், எல்லாருக்கும் போக்கிடம் அதுதான். எங்கே வைப்பது என்று தெரியாதவர்களை வைக்கிற இடம். மனிதர்களை மட்டுமல்ல, கால் உடைந்த கரும்பலகை, ஆண்டு விழா மேடையின் சிவப்பு விரிப்பு, யாரோ பரிசளித்து யாரும் மாட்டாத பெரிய கடிகாரம் ஆகியவையும் அங்கேதான் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு மேசை போட்டு லைப்ரரி மிஸ் உட்கார்ந்திருந்தார்.

மிஸ் என்று கூப்பிட்டது பிள்ளைகள் மட்டும்தான். பள்ளியை நடத்தும் தாளாளருக்கு அவர் ‘அந்த லைப்ரரி அம்மா’. ஆசிரியர் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுவதில்லை. ஒருமுறை தானாகவே போய் நின்றபோது, “நாற்காலி பத்தாதேம்மா” என்றார் ஒருவர். மறுமாதம் மிஸ் தன் அறையிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் யாரும் நாற்காலிக் கணக்கு பேசவில்லை.

நூலகப் படிப்பு முடித்து முறையாக வேலைக்கு வந்தவர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டைத் தேடி ஊரெல்லாம் மாடி ஏறி இறங்குகிறவர். “உங்கம்மா வேலையும் என் வேலையும் ஒண்ணுதான். நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கணும்” என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் நகைச்சுவைக்குச் சிரிக்கிற வயதை அவள் தாண்டியிருந்தாள்.

லைப்ரரியில் புத்தகங்கள் இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். கணிப்பொறி என்ற ஒன்று வரப்போகிறது என்று ஆச்சரியப்படும் அறிவியல் நூல்கள், இன்று இல்லாத நாடுகளைக் காட்டும் நிலப்படங்கள், பக்கத்தைப் புரட்டினால் கையோடு வந்துவிடும் கதைகள். ஏழாம் வகுப்பில் ஒரு ஒல்லிப் பெண் இருந்தாள். கப்பலைப் பற்றிய ஒரு கதையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போவாள். “அவ்வளவு பிடிச்சிருக்கா?” என்று மிஸ் கேட்டார்.

“பிடிக்கல்லாம் இல்ல மிஸ். வேற இல்லைல்ல?”

மிஸ் அன்று எல்லா அலமாரிகளையும் மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்தார். வேறு இல்லைதான்.

அந்தச் சமயத்தில்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். ஓர் அறக்கட்டளை, வாசிப்பைச் சொல்லித்தருவது பற்றி ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடத்துகிறது. கடைசி நாளில், பள்ளிகளுக்கு நிதி கேட்டு விண்ணப்பிப்பது எப்படி என்றும் சொல்லித்தருவார்கள். மிஸ் நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. ஆனால் தாளாளர் தும்மப் போகிறார் என்றால் அதற்கு முன்பே கைக்குட்டையோடு நிற்கிறவர்.

“மேடம், இந்தப் பயிற்சிக்கு நானும் போகட்டுமா?”

“இது டீச்சர்ஸுக்குன்னு போட்டிருக்கே.”

“வாசிக்கிறதைப் பத்தித்தானே மேடம். புத்தகம் எங்கிட்டதானே இருக்கு?”

“அதெல்லாம் சரிதான். ஆனா நீங்க டீச்சர் இல்லையே.”

“அப்ப மூணு நாள் லீவு குடுங்க.”

“எதுக்கு?”

“சொந்த வேலை.”

அந்தச் சொந்த வேலைக்காக மிஸ் இரண்டு பேருந்து மாறிப் போனார். பதிவு மேசையில் இருந்த பெண், பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்க பேர் இல்லையே மேடம்” என்றாள். “இருக்காது. நானே எழுதிக்கிறேன்” என்று மிஸ் வெற்று அட்டை ஒன்றை எடுத்து, கொட்டை எழுத்தில் ‘நூலகர்’ என்று எழுதினார். ஊசி கிடைக்கவில்லை. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி அட்டையைத் தோளில் குத்திக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

பயிற்சி கொடுத்தவர் கணீரென்ற குரல்கொண்ட ஓர் அம்மாள். திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளைக்கு எப்படிப்பட்ட புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும், சத்தமாக வாசித்துக் காட்டும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் செய்தே காட்டினார். மிஸ்ஸுக்குத் தாகத்தில் தண்ணீர் குடிப்பது போலிருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு யாரும் எதையும் கற்றுத்தந்ததில்லை. கடைசி நாளில் அந்த அம்மாள் சொன்னார்:

“‘எங்கள் நூலகத்தை மேம்படுத்த நிதி தேவை’ன்னு தயவுசெஞ்சு எழுதாதீங்க. அப்படி எழுதினதெல்லாம் எங்க ஆபீஸ்ல மூட்டை மூட்டையா கிடக்கு. என்ன வாங்கணும்ங்கிறதை அப்புறம் எழுதுங்க. யாருக்கு என்ன கிடைக்கலைன்னு முதல்ல எழுதுங்க.”

மிஸ் எழுந்தார். “ஒரு சந்தேகம் மேடம். பணம் வந்ததும் பள்ளிக்கூடம் அதை வேற எதுக்காவது செலவு பண்ணிட்டா?”

அரங்கில் சிரிப்பு எழுந்தது.

“நாங்க பார்வையிட வருவோம்மா.”

“சொல்லிட்டுத்தானே வருவீங்க?”

இப்போது சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. மிஸ்ஸின் தோளில் தொங்கிய ஹேர்பின் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விண்ணப்பத்தை மிஸ் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். கப்பல் கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கும் பெண்ணைப் பற்றி எழுதினார். தண்டனையாக லைப்ரரிக்கு அனுப்பப்பட்டு, படிப்பதே தண்டனை என்று நினைத்துக்கொண்ட பையன்களைப் பற்றி எழுதினார். புத்தகங்களுக்கு ஒரு பங்கு, தனக்கும் இரண்டு ஆசிரியர்களுக்கும் மேற்பயிற்சிக்கு ஒரு பங்கு என்று கேட்டிருந்தார். தலைமையாசிரியை படிக்காமலே கையெழுத்துப் போட்டார். “எழுதுங்க, எழுதுங்க. வரவா போகுது?”

வந்தது. கேட்டது முழுவதும் வந்தது.

தாளாளர் பூரித்துப்போனார். சில வாரங்களில் பள்ளி வாசலில் ஒரு வளைவு எழுந்தது. அதில் அவருடைய அப்பாவின் பெயர் தங்க நிறத்தில் மின்னியது. அவர் அறையில் ஏசி ஓடத் தொடங்கியது. புத்தகம் மட்டும் வரவில்லை. மிஸ் போய்க் கேட்டார்.

“வரும்மா, என்ன அவசரம்? புத்தகம் ஓடியா போயிடும்? முதல்ல வாசல், அப்புறம் வாசிப்பு” என்றார் தாளாளர். தான் சொன்னது அவருக்கே பிடித்துப்போய், பக்கத்தில் இருந்தவரிடம் இன்னொரு முறை சொன்னார்.

மிஸ் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் கேட்டார். நடைபாதையில் கேட்டார், ஆண்டு விழா ஒத்திகையில் கேட்டார், தாளாளர் காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் மிஸ்ஸைக் கண்டாலே போனைக் காதில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். மணி அடிக்காத போன் அது.

அப்புறம் ஒரு நாள் அறக்கட்டளையிலிருந்து தகவல் வந்தது, பார்வையிட வருகிறோம் என்று. மிஸ் சொன்னதுபோல, சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள்.

முந்தைய நாள் மதியம் ஒரு வேனில் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்து இறங்கின. மிஸ் ஒரு பெட்டியைத் திறந்ததும் புது அச்சு வாசனை முகத்தில் அடித்தது. ஒரு நிமிடம் தாளாளரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூட அவருக்குத் தோன்றியது. தலைமையாசிரியை பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அழகா அடுக்கிடுங்க. பசங்க கை படக்கூடாது, அழுக்காயிடும். நாளைக்கு அவங்க போனதும் கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிடுவார். நமக்கு ஒரு நாளைக்குத்தான் குடுத்திருக்கார்.”

“ஒரு நாளைக்கா? புத்தகத்தை வாடகைக்கு எடுத்திருக்கோமா மேடம், கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி?”

“சத்தம் போடாதீங்க. தாளாளர் சொன்னார், நான் செய்றேன். நீங்களும் செய்ங்க.”

தலைமையாசிரியை போய்விட்டார். மிஸ் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். எலும்புகளைப் பற்றி ஒன்று, எரிமலை பற்றி ஒன்று, பெரிய எழுத்தில் சின்னக் கதைகள், துப்பறியும் கதைகள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்தபோது, இது யாருக்கு ஏற்றது என்று ஒரு முகம் நினைவுக்கு வந்தது. பாதி அலமாரி நிரம்பியபோது அவருக்கு அதற்கு மேல் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். பள்ளியின் பெயரை அடித்துவிடுவார்கள். வளைவு வாசலில் நிற்கும். ஏசி ஓடும். பிள்ளைகளுக்கு மறுபடியும் கப்பல் கதை. அதை எண்ணிப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து லைப்ரரி முத்திரையை எடுத்தார். மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. மை ஊற்றினார். முதல் புத்தகத்தைத் திறந்து வைத்தார். பள்ளியின் பெயர், நூலகம் என்ற சொல், நடுவில் தேதி. அழுத்திக் குத்தினார். அடுத்ததை எடுத்தார்.

கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பைத் தேடிக்கொண்டு பி.டி. சார் உள்ளே வந்தார். பள்ளியில் மிஸ்ஸுக்கு இருந்த ஒரே கூட்டாளி அந்த விளையாட்டு ஆசிரியர்தான். பரீட்சை நெருங்கினால் அவருடைய பாடவேளையையும் மற்றவர்கள் பிடுங்கிக்கொள்வார்கள்.

“என்ன மிஸ் பண்றீங்க?”

“பார்த்தா தெரியலையா? வேலை பார்க்கிறேன்.”

“இது நாளைக்குத் திரும்பப் போற புத்தகம்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்களே.”

“முத்திரை குத்தினா எந்தக் கடைக்காரர் சார் திரும்ப வாங்குவார்?”

பி.டி. சார் புத்தகங்களைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார்.

“இன்னொரு சீல் இருக்கா?”

பழைய முத்திரை ஒன்று இருந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குத்தினார்கள். “நேரா குத்துங்க சார், பந்து அடிக்கிற மாதிரி அடிக்காதீங்க” என்று மிஸ் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். கோணலாக முத்திரை விழுந்த புத்தகமெல்லாம் பி.டி. சார் குத்தியது என்று இன்றைக்கும் அந்த லைப்ரரியில் கண்டுபிடித்துவிடலாம்.

மறுநாள் அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். கூட அந்தப் பயிற்சியாளரும் வந்திருந்தார். தாளாளர் எல்லாரையும் வளைவின் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு, பெருமையோடு லைப்ரரிக்கு அழைத்து வந்தார். ஏழாம் வகுப்பு அங்கே வரிசையாக நின்றது. புத்தகங்களைத் தின்றுவிடுவது போலப் பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“இதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக விடுவீங்களா?” என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

தாளாளர் வாயைத் திறப்பதற்குள் மிஸ் சொன்னார்: “இன்னைக்கே எடுத்துட்டுப் போகலாம் சார். பசங்களா, ஆளுக்கு ஒண்ணு எடுங்க. எங்கிட்ட காட்டிட்டுப் போங்க.”

தாளாளரின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. “இன்னைக்கு வேண்டாமே. இவ்வளவு அழகா அடுக்கி வச்சிருக்கு, கலைஞ்சிடும்.”

“கலையத்தானே சார் லைப்ரரி.”

வந்தவர்கள் கைதட்டினார்கள். பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஒல்லிப் பெண் எதை எடுப்பது என்று தெரியாமல் ஒன்றை எடுத்தாள், வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள். கடைசியில் எரிமலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். பயிற்சியாளர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். வழவழப்பான தாளில் இன்னும் சரியாகக் காயாத மை கட்டைவிரலில் ஒட்டியது. விரலைப் பார்த்தார், முத்திரையின் தேதியைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, “நல்ல லைப்ரரி” என்று மட்டும் சொன்னார். தலைமையாசிரியையும் இன்னொரு புத்தகத்தைத் திறந்திருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலம் கடைக்காரர் வேனோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் தாளாளரின் அறையில் ஏசியையும் மீறி எல்லாருக்கும் வேர்த்தது.

“சீல் குத்தின புத்தகத்தை நான் யாருக்கு விக்கிறது சார்? பழைய பேப்பர் கடைக்கா போடச் சொல்றீங்க?” என்றார் கடைக்காரர்.

தாளாளர் மிஸ் பக்கம் திரும்பினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “யாரைக் கேட்டும்மா குத்தின?”

“லைப்ரரிக்குப் புத்தகம் வந்தா முத்திரை குத்தணும் சார். அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறீங்க?”

“அது நம்ம புத்தகம் இல்லைன்னு தெரியுமில்ல?”

“நம்ம புத்தகம்னுதானே சார் அவங்ககிட்ட காட்டினீங்க? உங்க வார்த்தையை நான் பொய்யாக்க வேண்டாம்னு பார்த்தேன்.”

“நாளையிலிருந்து உனக்கு வேலை இல்ல.”

மிஸ்ஸின் குரல் பிசகவில்லை. “சரி சார். எழுத்துல குடுங்க. காரணத்தையும் போட்டுக் குடுங்க. லைப்ரரிப் புத்தகத்துல லைப்ரரி முத்திரை குத்தினாங்கன்னு போடுவீங்களா? இல்ல, முழுக் கதையையும் போடுவீங்களா? எப்படிப் போட்டாலும் நான் அறக்கட்டளைக்கு ஒரு நகல் அனுப்புவேன்.”

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “உங்க வீட்டுச் சண்டை எனக்கெதுக்கு சார்? எனக்கு இன்னைக்கு செக் வேணும்.”

தாளாளர் செக் எழுதினார். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல் இருந்தது. வெளியே வந்ததும் மிஸ் கடைக்காரரிடம், “உங்களைக் கேட்காம செஞ்சது தப்புதான். மன்னிச்சிடுங்க” என்றார். அவர் செக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, “எனக்கென்னம்மா, ஒரே நாள்ல இவ்வளவு வித்ததே இல்ல” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

வீட்டில் மிஸ் எல்லாவற்றையும் சொன்னார். மகள் “அம்மா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் தட்டில் சோறு போட்டு மிஸ்ஸின் முன்னால் நகர்த்தினார்.

“லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கிறவங்க முதல்ல என்னைத்தான் திட்டுவாங்க, என்னமோ நான் நிறுத்தின மாதிரி” என்றார். “கதவைத் திறந்து விட்டப்புறமும் திட்டிக்கிட்டேதான் போவாங்க.”

“அதனால?”

“அதனால ஒண்ணுமில்ல. சாப்பிடு.”

வேலை போகவில்லை. ஆனால் மறுவாரம் லைப்ரரிக்குப் பூட்டு விழுந்தது, ‘பராமரிப்புப் பணி’ என்று காகிதம் ஒட்டி. மிஸ்ஸைக் கட்டணம் வசூலிக்கும் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். புத்தகங்களிலிருந்து அவரைப் பிரித்தால் அடங்கிவிடுவார் என்று தாளாளர் நினைத்தார். புத்தகங்கள் பிள்ளைகளின் வீடுகளில் இருக்கின்றன என்பதை அவர் மறந்துபோனார்.

படித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கவுண்டருக்கு வரத் தொடங்கினார்கள். “மிஸ், எரிமலை முடிச்சிட்டேன். வேற?” மிஸ் கம்பிக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை வாங்கி, அதற்கு முன் வேறொருவர் கொடுத்ததை எடுத்து நீட்டினார். இரண்டாம் வாரத்தில் கவுண்டரில் ஒரு பக்கம் புத்தகக் குவியல், ஒரு பக்கம் ரசீது. பணம் கட்ட வந்த பெற்றோர்கள் பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் நின்றார்கள். எலும்பு நல்லா இருக்கா, துப்பறியும் கதை நல்லா இருக்கா என்று நடந்த விவாதங்களை வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு அப்பா பொறுமையிழந்து, “என்ன சார் இது, லைப்ரரியா, கேஷ் கவுண்டரா?” என்று அலுவலகத்தில் சத்தம் போட்டார். “லைப்ரரியைப் பூட்டி வச்சிருக்காங்க அங்கிள்” என்று ஏழெட்டுக் குரல்கள் ஒரே நேரத்தில் பதில் சொல்லின. “எதுக்குப் பூட்டினீங்க?” என்று அவர் அடுத்த கேள்வியைப் போட்டார். பின்னால் நின்ற மற்றப் பெற்றோர்களும் அதையே கேட்டார்கள்.

பராமரிப்புப் பணி அந்த வாரமே முடிந்துவிட்டது. சாவியைக் கொடுக்கும்போது தலைமையாசிரியை, “என்னை ஏன் இப்படிப் படுத்தறீங்க?” என்றார். ஆனால் அதற்கப்புறம் அவர் தண்டனைக்கென்று யாரையும் லைப்ரரிக்கு அனுப்பவில்லை.

தாளாளர் மறக்கிறவர் இல்லை. அந்த வருடம் மிஸ்ஸுக்குச் சம்பள உயர்வு கிடையாது என்றார். மிஸ் எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். அந்த உயர்வு கடைசிவரை வரவில்லை. மேற்பயிற்சிக்கு என்று வந்த பங்கு எங்கே போனதென்றும் யாரும் சொல்லவில்லை. “இருக்கட்டும். குடுக்கிற வரைக்கும் கேட்பேன். கேட்கிறதுக்கு எனக்கு வாய் வலிக்காது” என்று மிஸ் வீட்டில் சொன்னார்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்ததோடு நிறுத்தவில்லை. பக்கத்துப் பள்ளிகளின் நூலகர்களைத் தேடிப் போனார். அநேகமாக எல்லாருமே உடைந்த சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் ஒவ்வொருவர் லைப்ரரியிலும் கூடினார்கள். சத்தமாக வாசித்துக் காட்டிப் பழகினார்கள். நிதி கேட்டு எழுதிய விண்ணப்பங்களை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டி அடித்துத் திருத்தினார்கள். விண்ணப்பத்தின் கடைசியில் மிஸ் எல்லாரையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பார்வையிட வருகிறவர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வர வேண்டும்.

அந்தப் பயிற்சியாளர் அடுத்த பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது மிஸ்ஸுக்கு நேரே போன் செய்தார். உட்கார்ந்து கேட்க அல்ல, ஒரு வகுப்பு எடுக்க வரும்படி. மிஸ், “நான் வர்றேன் மேடம். ஆனா எங்க பி.டி. சாரையும் சேர்த்துக்கணும். அவருக்கும் யாரும் எதையும் சொல்லிக் குடுத்ததில்ல” என்றார்.

பயிற்சி நாள் காலையில் இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். பி.டி. சார் இஸ்திரி போட்ட சட்டையில் அசௌகரியமாக நெளிந்துகொண்டிருந்தார்.

“லீவு லெட்டர் குடுத்துட்டீங்களா சார்?”

“நேத்தே குடுத்தேன். கையெழுத்து போடல. உங்களுக்கு?”

“எனக்கும் போடல.”

“அப்ப என்ன மிஸ் பண்றது?”

தூரத்தில் பேருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. மிஸ் கையை நீட்டி அதை நிறுத்தினார்.

“ஏறுங்க சார். கையெழுத்தை அவங்க மெதுவா போடட்டும்.”